மேகம் வரும் வழியில் ஒரு கேமரா

2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடலோரத்தோடு தொல்லை தீர்ந்தது என்று உள்மாவட்டத்தார் நினைத்திருக்க, டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது.

அதே தாலுகாவிலுள்ள கல்லாவியில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர் ஒருவருக்குக் கடலோரப் புயல் வானத்தின் மேல் தீராத பித்து. முகூர்த்தம் இல்லாத நாளில் மேகம் கட்டினால், செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணம் கரைக்கு இறங்கிவிடுவார். கரையேறிய ஃபெஞ்சலின் மிச்சம் மேற்கே நகர்ந்ததும் ஏறக்குறைய இதே தடத்தில்தான். தென்மேற்குப் பருவ மாதங்களில் போக்கு நேரெதிர். ஜவ்வாது மலைப் பக்கம் பிற்பகலில் திரளும் இடிமேகங்கள் மேல்காற்றோடு கிழக்கே நகர்ந்து, பொழுது சாய்ந்தபின் கடலைத் தொடும். தன் ஊர் மேகத்தைத் துரத்திக்கொண்டே கரைக்குப் போகிறவர் அவர்.

கிழக்குக் கடற்கரையில் மாலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதனால் கடலுக்கு மேல் நிற்கும் மேகத்தின் உச்சியில் வெயில் பட்டுக் கண் கூசும்; கீழே கடலோ கறுத்துக் கிடக்கும். மேகத்துக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் அலை இருளில் போய்விடும். அலைக்கு வைத்தால் மேகம் வெளுத்துவிடும். இதற்காக அவர் வைத்திருப்பது ஒரு சதுரக் கண்ணாடி ஃபில்டர். மேல்பாதி கறுத்து, கீழே வரவரத் தெளியும். லென்ஸுக்கு முன்னால் அதை மயிரிழை மயிரிழையாக இறக்கி, கறுப்பு முடியும் இடத்தைத் தொடுவானத்தோடு பொருத்துகிறார். இரண்டு மூன்று அலைக்குள் கண்ணாடி முழுவதும் உப்புச் சாரல். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பொடி கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகுதான் உலர்துணி. வானம் நிறம் மாறிக்கொண்டிருக்கும்போதும் அந்த வரிசையை அவர் மாற்றுவதே இல்லை. அந்தப் பொறுமைதான் அவர் தொழில்.

கரையில் கேட்ட பேச்சும் முக்கியம். படகை மேலேற்றிக் கொண்டிருந்த மீனவர் ஒருவர், “மழை தூரத்துல திரை மாதிரி தனியா தெரியிற வரைக்கும் நேரம் இருக்கு தம்பி. கடலும் வானமும் ஒண்ணா வெளுத்துட்டா பெட்டியைக் கட்டிடு” என்றார். “சரிங்கண்ணே” என்று இவர் அப்போதே டிரைபாடை மடக்கத் தொடங்கினார். திறந்த மணலில் நிற்கிறவர்மேல் மின்னல் இறங்கிவிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 15 விநாடி என்றால் ஏறக்குறைய 5 கி.மீ.; அந்தத் தூரமே ஆபத்து. இடிச் சத்தம் கேட்டதும் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். கேமராவும் உள்ளேயே, மணல்பையின் மேல். இருட்டியபின் ஷட்டரை 20 விநாடி திறந்து வைத்தால், இடையில் வெட்டும் மின்னல் தானாகவே பதிந்துகொள்ளும்.

இத்தனை பாடுபட்டு எடுத்த படத்துக்கு என்ன கிடைக்கிறது? அவர் பெயர் இருந்த ஓரத்தை யாரோ வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள். போன வருடத்து மேகம், இந்த வருடப் புயலுக்கு ‘சற்றுமுன் எடுத்த படம்’ ஆகிவிடுகிறது. பார்வை எண்ணிக்கைக்காக இப்படிச் செய்கிறவர்கள் படம் எடுத்தவரின் கூலியையும் திருடுகிறார்கள், மழைக்குப் பயந்து கிடக்கும் சனங்களையும் ஏய்க்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாமல் தானாக எடுத்த படத்துக்கு எடுத்தவரே உரிமையாளர். எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். ஆனால் கல்லாவியில் ஸ்டூடியோ நடத்துகிறவர் வக்கீல் வைத்து எத்தனை பேரைத் துரத்த முடியும்? ஃபில்டர் வாங்கிய பணமும் பெட்ரோல் செலவும் கல்யாண வீடுகள் கொடுத்தவைதான்.

இப்போது எடுத்த நாளையும் இடத்தையும் ஓரத்தில் போடாமல், மேகத்தின் நடுவிலேயே பெரிதாகப் பதித்து வெளியிடுகிறார். படத்தின் அழகு கெடுகிறது, எடுத்துவிடு என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். மாட்டேன் என்கிறார்.