பரம்பிக்குளம் டிராம் தடம்

கொச்சி அரசு வன டிராம்வே, பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடி ரயில் நிலையத்தில் சேர்ப்பதற்காகப் போடப்பட்ட மலைப்பாதை. 1907-ல் ஓடத் தொடங்கி 1963-ல் மூடப்பட்டது. நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தண்டவாளம் போன பிறகு மிஞ்சிய மண்மேடுகளும் மலையைக் குடைந்த வெட்டுகளும் இன்று காட்டுக்குள் நடைத்தடமாகக் கிடக்கின்றன.

தடத்தின் மூலத்தைத் தேடுவோருக்கு முதல் தடயம் சாலையிலேயே கிடைக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் என்று போனால்தான் பரம்பிக்குளம். ஊர் கேரளத்தில்; வண்டிச் சாலையோ தமிழ்நாடு வழியாக மட்டும். கிழக்கே இறங்க இவ்வளவு வசதி இருந்தும் டிராம் ஏன் மேற்கே போனது?

அந்தக் காடு கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். கிழக்கே இறங்கினால் ஆங்கிலேயர் ஆண்ட கோயமுத்தூர் ஜில்லா. காட்டு ஆறுகள் மேற்கே சாலக்குடி ஆற்றில்தான் கலக்கின்றன. ஆனால் வாழச்சால், அதிரப்பள்ளி அருவிகள் குறுக்கே இருப்பதால் மரத்தை ஆற்றில் விட வழியில்லை. 1902-ல் சொரணூர்–எர்ணாகுளம் ரயில் பாதை திறந்தது. சாலக்குடி வரை மரத்தைக் கொண்டுவந்துவிட்டால் துறைமுகம் கைக்கெட்டும் தூரம். சொந்த மண் வழியாகவே மலையைத் தாண்டும் டிராம் இப்படித்தான் பிறந்தது. பக்கத்திலேயே ஆங்கிலேய வனத்துறை வேறு வழி கண்டது: ஆனைமலைத் தேக்கை மலை விளிம்பிலிருந்து சரித்துவிட்டது. டாப்சிலிப் என்ற பெயர் அதில் வந்தது.

மீட்டர்கேஜ் தண்டவாளத்தில் நீராவி இன்ஜின்கள் ஓடின. இன்ஜின் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் கம்பிவடம் வேலை செய்தது. இரட்டை வாளி கட்டிய கிணற்றுச் சகடை போல, பாரமேற்றிய வண்டி கீழே இறங்கும்போது அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். வேகம் மிஞ்சாமல் பிரேக் பிடிப்பது மட்டும் ஆள் வேலை. இறங்குவது மரம், ஏறுவது வெற்று வண்டி என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு நிலக்கரி தேவைப்படவில்லை.

பாதையில் ஒருகொம்பன், குரியார்குட்டி போன்ற நிலையங்கள் இருந்தன. 1933-ல் திருவிதாங்கூர்–கொச்சி பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த சாலிம் அலி குரியார்குட்டியில் தங்கினார். பராமரிப்புச் செலவு ஏறி, லாரிகளும் சாலைகளும் வந்த பிறகு டிராம்வே கட்டுப்படியாகவில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் அணைகளும் டிராம்வே மூடப்பட்டதை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தன. மரத்துக்காக மலையைக் குடைந்த காலம் போய், தண்ணீருக்காகக் குடையும் காலம் வந்தது.

பழைய ரயில் தடத்தில் நடப்பது பொதுவாக எளிது. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் ஏற்றம் சீராக இருக்கும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 380 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கேட்டி தடம் இதற்கு நல்ல சான்று. பரம்பிக்குளத்தில் பாதி உண்மைதான் அது. இன்ஜின் ஓடிய இடங்களில் கால் வலிக்காது; கம்பிவடம் இழுத்த சரிவுகளில் மூச்சு வாங்கும்.

முழுத் தடத்தையும் ஒரே மூச்சில் நடக்க முடியாது. பரம்பிக்குளம் இப்போது புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதிக்கும் பகுதிகளில் மட்டும், வழிகாட்டியுடன்தான் நடக்கலாம். தூணக்கடவு அருகே நிற்கும் கன்னிமாரா தேக்கையும் அந்தப் பயணத்திலேயே பார்த்துவிடலாம். ஏறக்குறைய ஏழு மீட்டர் சுற்றளவுள்ள அந்த மரம், டிராம் ஏறாமல் தப்பிய தேக்குகளில் ஒன்று.