பக்கத்து இருக்கை

மேல்கூரையைத் திறந்துவிட்ட காரில் பேச முடியாது. ஏழு நாட்கள் அப்படி ஒரு காரில் போய் நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

2019 செப்டம்பரில் நானும் என் நண்பனும் கலிபோர்னியாவின் கடலோரச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே வந்தோம். அவன் பெயரை எழுதப்போவதில்லை. இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் சிலருக்கு அவன் யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்குப் பெயரினால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 2011இல் அவன் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டான், 64 பக்கம். அதற்கு நான் நான்கு பக்கம் மதிப்புரை எழுதினேன். அடுத்த வருஷம் அவன் அமெரிக்கா போனான். அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்த இவற்றை, ஒன்றினால் ஒன்று நடந்ததாகவே எட்டு வருஷம் நான் வாசித்துவந்தேன்.

அந்த மதிப்புரையில் ஒரு வரி உண்டு. "இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து மழையை எழுதுகிறார்." நண்பர்கள் இதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. அனுபவத்தின் நேரடித்தன்மை பற்றி அப்போது எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. கல்லூரி நாட்களிலிருந்தே கும்பகோணம் மகாமகக் குளத்துப் படிகளில் இரவு வெகுநேரம் உட்கார்ந்து நான் அவற்றைச் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டிருப்பான். எங்கள் சிநேகிதம் முழுக்கப் பேச்சினால் ஆனது. மதிப்புரை வந்த பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம், மதிப்புரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி.

எட்டு வருஷம் கழித்து அவன் எழுதினான்: "பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு பேர்தான் உட்காரலாம். லீவு கிடைத்தால் வா." வங்கியில் லீவும் வெளிநாடு போக அனுமதியும் வாங்கிய கதை தனிக் காவியம், இங்கே வேண்டாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத ஒரு வண்டியில் வைத்து அவனிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. போனேன்.

கார் மாஸ்டா மியாட்டா, 1991ஆம் வருஷத்தியது. முன்விளக்குகள் பகலில் உடம்புக்குள் பதுங்கியிருக்கும். பொத்தானை அழுத்தினால் தவளைக் கண்கள்போல் எழும்பும். கூரை மடக்கக்கூடிய துணி. இரண்டு கொக்கிகளை விடுவித்து, உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிவிடலாம். டிக்கியில் பாதி இடத்தை ஸ்டெப்னியும் பாட்டரியும் எடுத்துக்கொண்டிருந்தன. என் பெட்டி அதில் நுழையாது என்று ஸான் ஹோஸேயில் தன் வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு துணிப்பையைக் கொடுத்தான். நான் ஐந்து புத்தகங்கள் கொண்டுபோயிருந்தேன். ஒன்றுக்குத்தான் இடம். அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவனுடைய தொகுப்பைச் சட்டைகளுக்கு நடுவில் செருகினேன்.

இந்தக் காரின் பிறப்பில் ஒரு விமர்சகனுக்குப் பங்கு உண்டு என்பதைக் கிளம்பும்போது அவன்தான் சொன்னான். பாப் ஹால் கார்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர். அடுத்து எந்த மாதிரிக் கார் செய்யலாம் என்று 1970களில் மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோ அவரைக் கேட்டார். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல எளிமையான, இலேசான, திறந்த கார் என்றார் ஹால். எம்.ஜி.பி., டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டின் உற்பத்தியும் 1980இல் நின்றுபோயிற்று. 1981இல் ஹால் மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சிக்கு மியாட்டா வந்தது. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இல்லாததைச் சுட்டிக்காட்டி அது உண்டாகக் காரணமான விமர்சகர் அவர். நானோ இருந்ததைச் சுட்டிக்காட்டி அது இல்லாமல் போகக் காரணமானவன் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் துக்கம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

கலிபோர்னியாவின் 1ஆம் எண் சாலை சுமார் 1055 கிலோமீட்டர் நீளம். வடக்கு முனை லெக்கெட் என்ற சிற்றூர். தெற்கு முனை டானா பாயிண்ட். வேறு பாதையில் வடக்கே போய், லெக்கெட்டிலிருந்து இறங்கத் தொடங்கினோம். முதலில் ரெட்வுட் காட்டுக்குள் வளைவுக்கு மேல் வளைவு. கழுத்தை நிமிர்த்தினால் மரங்களின் உச்சி, குனிந்தால் இருட்டு. காட்டைத் தாண்டியதும் கடல். மேலே குளிர், காலடியில் ஹீட்டரின் சூடு. பாசி வாடையும் யூகலிப்டஸ் வாடையும் மாறி மாறி வந்து முகத்தில் அடித்தன. நான் கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். நான்கு உபவாக்கியங்கள் கொண்ட, பக்குவமான கேள்வி. முதல் இரண்டு வார்த்தைகளைக் காற்று கொண்டுபோயிற்று. "என்ன?" என்று கத்தினான். "ஒன்றுமில்லை" என்று கத்தினேன்.

இரண்டாம் நாளுக்குள் எங்கள் பாஷை சுருங்கிவிட்டது. உரிச்சொற்கள் முதலில் பறந்தன. பிறகு 'ஆனால்', 'இருந்தாலும்', 'ஒருவிதத்தில்' முதலியவை. இவை இல்லாமல் நான் எந்த அபிப்பிராயமும் சொன்னதில்லை. மிஞ்சியவை: பசி, குளிர், தண்ணீர், அதோ. இவற்றை வைத்துக்கொண்டு மதிப்புரை எழுத முடியாது. கவிதையும் எழுத முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸிட்டி லைட்ஸ் புத்தகக் கடைக்குப் போனோம். 1953இல் தொடங்கியது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஃபெர்லிங்கெட்டிக்கு அந்த வருஷம் மார்ச்சில்தான் நூறு வயது நிறைந்திருந்தது. கவிதைகளுக்கென்று மாடியில் தனி அறை. நான் மட்டும் ஏறிப் போனேன். காரில் பை திறந்து கிடக்கிறது, காவல் இருக்கிறேன் என்று அவன் தெருவிலேயே நின்றுவிட்டான். அது உண்மைதான், கூரை இல்லாத காரில் எதையும் பூட்ட முடியாது. ஆனால் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது அவனைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் ஒன்றுக்கு அவன் விளக்கப் படம்போல நிற்பதாகப் பட்டது. இப்போது யோசித்தால், ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் நான்.

கார்மெலில் ராபின்ஸன் ஜெஃபர்ஸின் வீட்டைச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தோம். 1919இல் அதைக் கட்டிய கொத்தனாரிடம் கூலியாள்போல் வேலை செய்து கல் வேலை கற்றுக்கொண்டார். பிறகு கடற்கரையிலிருந்து கற்களை உருட்டி வந்து பக்கத்திலேயே ஒரு கோபுரத்தைத் தன் கையாலேயே எழுப்பினார். முற்பகலில் எழுத்து, பிற்பகலில் கல் என்பது அவருடைய நியமம். கடலும் பாறையும் பருந்தும் அவ்வளவு உக்கிரமாக வருகிற கவிதைகள் அவை. நேரடி அனுபவத்துக்கு உதாரணமாக நான் பலமுறை அவரைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கல் தூக்கிய நேரத்தில் அவர் எழுதவில்லை. எழுதியது வீட்டுக்குள், மாடியில். இந்தத் தகவல் எனக்குப் பல வருஷங்களாகத் தெரிந்ததுதான். அன்றுதான் அது என் வரிக்கு எதிர்ச் சாட்சி என்று பட்டது.

கார்மெலுக்குத் தெற்கே பிக் ஸர். மலை நேராகக் கடலில் இறங்கும் இடத்தில் சாலையைச் செதுக்கியிருக்கிறார்கள். பதினெட்டு வருஷ வேலைக்குப் பின் 1937இல் திறந்தார்கள். வேலை செய்தவர்களில் ஸான் க்வென்டின் சிறைக் கைதிகளும் உண்டு. பிக்ஸ்பி பாலம் 1932இல் முடிந்தது. மலை இன்னும் சமாதானமாகிவிடவில்லை. 2017 மே மாதம் மட் க்ரீக் என்ற இடத்தில் மலைச்சரிவு சாலையை மூடியது. 2018 ஜூலையில்தான் மறுபடி திறந்தது. நாங்கள் போனபோது அந்தத் தாருக்கு ஒரு வயது சொச்சம். அதற்குப் பிறகு 2021லும் 2024லும் வெவ்வேறு இடங்களில் அறுந்தது.

தெற்கு நோக்கிப் போகும்போது கடல் வலது கைப் பக்கம். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். ஆகவே பள்ளத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பவன் பக்கத்து இருக்கைக்காரன். நம் ஊரில் டிரைவர் உட்காரும் பக்கம் அது. கைக்குத்தான் ஸ்டியரிங் இல்லை. இல்லாத பிரேக்கை என் வலது கால் வளைவுதோறும் மிதித்தது. அவனுக்குத் தெரிந்தது சாலை. எனக்குத் தெரிந்தது விளிம்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் ஓட்டுவதில் எனக்கு ஒரு குற்றம் தெரிந்தது. அவன் ஒரு திருப்பத்தில்கூடத் தவறவில்லை.

இரவு கேம்ப்ரியாவில் தங்கினோம். அறைக்குள் வந்ததும் காது அடைத்துக்கொண்டு இரைந்தது. பையிலிருந்து தொகுப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பார்த்தான். தொடவில்லை. "என்ன விலை போட்டிருந்தோம்?" என்று கேட்டான். "நாற்பது ரூபாய்." "ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான்.

மறுநாள் கடலை விட்டு உள்நாட்டுக்குத் திரும்பினோம். பாஸோ ரோபிள்ஸைத் தாண்டியதும் பசுமை போய், காய்ந்த புல் மூடிய குன்றுகள். ஷொலாம் என்ற இடத்தில் அவன் நிறுத்தினான். ஒரு மரத்தைச் சுற்றி உலோகத்தில் ஒரு நினைவுச் சின்னம். ஜப்பானிய வியாபாரி ஒருவர் 1977இல் வைத்தது. அதற்குச் சற்றுக் கிழக்கேதான் 1955 செப்டம்பர் 30 மாலை, ஜேம்ஸ் டீன் ஓட்டிவந்த போர்ஷ 550 ஸ்பைடர், திரும்பிக்கொண்டிருந்த காரில் மோதியது. அதுவும் கூரை இல்லாத சிறிய கார். டீனுக்கு வயது 24. பந்தயத்துக்காக ஸலீனாஸுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஸ்டைன்பெக் பிறந்த ஊர். அவருடைய 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நடக்கும் இடம். டீன் கதாநாயகனாக நடித்து அதுவரை வெளியாகியிருந்த ஒரே படம் அந்த நாவலிலிருந்து எடுத்ததுதான்.

நான் அந்த மரத்தடியில் நின்று டீனைப் பற்றி நினைக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவனை நினைத்தேன். ரால்ஃப் வூதரிஷ், ஜெர்மானிய மெக்கானிக். வெளியே தூக்கி எறியப்பட்டு, எலும்புகள் முறிந்து, பிழைத்தார். 1981இல் தன் தேசத்தில் இன்னொரு கார் விபத்தில் இறந்தார். இடையில் இருபத்தாறு வருஷங்கள். ஓட்டியவன் புராணமாகிவிட்டான். கூட வந்தவரிடம் எல்லோரும் கேட்டிருக்கக்கூடியது அந்த ஒரு கேள்வியைத்தான்.

உச்சி வெயில். ஈரமற்ற, அடுப்பின் வாயிலிருந்து வருவது போன்ற சூடு. லாரிகள் வேறு. அவன் கூரையை இழுத்து இரண்டு கொக்கிகளையும் மாட்டினான். கண்ணாடிகளை ஏற்றினான். டீன் வந்த சாலையில் அவன் வந்த திசைக்கு எதிராகப் போகத் தொடங்கினோம். தலைக்கு நான்கு விரற்கடை உயரத்தில் துணி. தோளோடு தோள். ஐந்து நாட்களாக உலகம் முழுவதும் அமர்ந்திருந்த வண்டி சட்டென்று ஒரு சின்ன அறையாகிவிட்டது. அந்த அறையில் ஒரு பெருமூச்சுகூடக் கேட்டது.

கேட்டேன். உபவாக்கியங்கள் இல்லாமல்: "நான் எழுதினதாலதான் நீ நிறுத்தினியா?"

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?" என்றான். பிறகு, "நீ எழுதறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எனக்கு நின்னுபோச்சுடா. புஸ்தகம் அச்சாகி வந்தப்பவே வேற யாரோ எழுதினது மாதிரி இருந்தது. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அவமானம். எட்டு வருஷமாக நான் சுமந்தது குற்ற உணர்ச்சி அல்ல. நான் எழுதிய நான்கு பக்கங்கள் ஒருவன் வாழ்க்கையைத் திருப்பிவிட்டன என்ற கர்வம். அதை அவன் ஒரு மூட்டையைப்போல் இறக்கி ரோட்டோரத்தில் வைத்துவிட்டான்.

கொஞ்ச தூரம் போனபின் அவனே சொன்னான்: "அந்த ஜன்னல் வரி ஞாபகம் இருக்கு. தப்பான வரி. ஆனா நல்லா எழுதியிருந்தே."

"ஏன் தப்பு?"

"மழையில நிக்கிறவன் எப்படிடா எழுதுவான்? தாள் நனைஞ்சிடும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அது ஹாஸ்யமாக மட்டும் படவில்லை. ஐந்து நாட்கள் காற்றிலும் பனியிலும் உட்கார்ந்து, நான் அவ்வளவு காலம் உபதேசித்த நேரடி அனுபவத்தைப் பெற்றேன். அது எனக்கு நான்கு சொற்களை மிச்சம் வைத்தது. சாத்திய ஜன்னலுக்குள் வந்த பிறகுதான் ஒரு கேள்வியைக் கேட்கவும் பதிலைக் கேட்கவும் முடிந்தது. அனுபவம் வெளியே நிகழலாம். அது பேச்சாவதற்கு ஒரு கூரை வேண்டியிருக்கிறது. அவன் கவிதைகளில் குறைகள் இருக்கலாம். ஆனால் நான் குறையென்று சொன்னது அவற்றின் பிறவி நிபந்தனையை. நான் வருந்த வேண்டியது என் சொல்லின் கடுமைக்காக அல்ல. கடுமைக்கு இலக்கியத்தில் இடமுண்டு. அந்தச் சொல் பிழையானது. நன்றாக எழுதப்பட்டதனாலேயே அது பிழை என்று யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

லாஸ் ஏஞ்சலீஸ் போய்ச் சேரும் வரை அவன் கூரையைத் திறக்கவில்லை. மகாமகக் குளத்துப் படிகளில் பேசியதுபோல் பேசிக்கொண்டே போனோம். இந்தத் தடவை பெரும்பாலும் அவன் சொன்னான்.

அவன் மறுபடி எழுதத் தொடங்கவில்லை. அதை எதிர்பார்ப்பதை நானும் விட்டுவிட்டேன். அந்தத் தொகுப்பு இப்போது எங்கும் கிடைப்பதில்லை. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது; ஓரங்கள் கடல் ஈரத்தில் நெளிந்துபோனவை. அதற்கு ஒரு மதிப்புரை எழுத வேண்டும். இது அதுவல்ல.