வீதிகள் வெறிச்சோடிய சித்திரை

மாதங்களின் பெயரால் வீதிகளை அமைத்துக்கொண்ட ஊர் மதுரை. அங்கயற்கண்ணி அம்மையின் திருக்கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரம் சதுரமாக ஊர் விரிகிறது. இவ்வூர்க்காரர்களுக்கு வீதியே நாள்காட்டி. எந்த வீதியில் சுவாமி எழுந்தருளுகிறார் என்பதைக் கொண்டே மாதம் சொல்லிவிடுவார்கள். தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. பொதுத்துறை வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, பல ஊர்களில் குடியிருந்து, ஓய்வுக்குப் பின் பிறந்த வீட்டுக்கே திரும்பியவன் நான். அந்த வீட்டிலிருந்து நான் கண்ட ஒரு சித்திரையைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது 2020ஆம் ஆண்டின் சித்திரை.

சித்திரைத் திருவிழாவைக் காணாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். கொடியேற்றம் தொடங்கிப் பன்னிரண்டு நாள்கள் திருவிழா நடைபெறும். எட்டாம் நாள் அம்மைக்குப் பட்டாபிஷேகம். ஒன்பதாம் நாள் திக்விஜயம். பத்தாம் நாள் திருக்கல்யாணம். பதினோராம் நாள் மாசி வீதிகளில் திருத்தேர். அதே நாள்களில் அழகர்மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு, மதுரை மக்களின் எதிர்சேவையை ஏற்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் வைகை ஆற்றில் இறங்குவார். சைவத் திருவிழாவையும் வைணவத் திருவிழாவையும் ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்க மன்னர் என்பது மரபு. இரண்டையும் ஒரே மூச்சில் கொண்டாடுவது மதுரை மக்களின் பழக்கம்.

அந்நாள்களில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருபது பேராவது படுத்திருப்பார்கள். தேனியிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் உறவினர் வருவர். தெருமுனைதோறும் பந்தல், பந்தல்தோறும் நீர்மோரும் பானகமும். வெயில் நூறு டிகிரியைத் தாண்டும். ஆனால் வெயிலைப் பற்றி எவரும் குறை சொல்ல மாட்டார்கள். சித்திரை என்றால் வெயிலும் பிரசாதம் என்பார் என் தந்தையார்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி முதல் தமிழகத் திருக்கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மக்கள் தாமே கடைப்பிடித்த ஒருநாள் ஊரடங்கு. 24ஆம் தேதி மாலை மாநிலத்தில் தடையுத்தரவு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதற்கும் ஊரடங்கு. 25ஆம் தேதி அதிகாலையில், தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் எங்கள் மதுரையிலேயே நிகழ்ந்தது. செய்தியைக் கேட்டதும் எங்கள் சந்தில் பன்னிரண்டு கதவுகளும் அடைபட்டன. அச்சம் எப்படிப்பட்டது என்பதை அறுபத்து மூன்றாம் வயதில் அறிந்துகொண்டேன்.

தூங்கா நகரம் என்று பெயர் பெற்ற ஊர், பகலிலும் உறங்கத் தொடங்கியது. இட்லிக் கடைகளின் ஆவி இல்லை. ஜிகர்தண்டா வண்டிகள் இல்லை. நுங்கு வெட்டும் ஓசை இல்லை. வாசல்களில் வேப்பிலைக் கொத்துகள் தொங்கின. காலையில் சாணம் தெளித்த இடங்களில் மஞ்சள் நீர் தெளித்தார்கள். அதன் மேல் மாநகராட்சி ஊழியர்கள் பிளீச்சிங் பொடியால் கோடு போட்டுச் சென்றார்கள். சில தெருக்கள் தகரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்தன. முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, வட்டம் போட்ட இடத்தில் நின்று நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கினோம். வாழ்நாள் முழுவதும் ரூபாய் நோட்டுகளை எண்ணிய நான், பால்காரர் தந்த மீதிச் சில்லறையைச் சோப்பு நீரில் கழுவிக் கொடியில் உலர்த்தினேன். என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்புகளில் அதுவும் ஒன்று.

ஒரே ஒரு பேறு வாய்த்தது. வாகன ஓசை அடங்கியதால், உள்ளே வழக்கம்போல் நடைபெற்ற பூஜையின் மணியோசை எங்கள் மாடி வரை கேட்டது. இவ்வளவு அருகில் இருந்தும் அதுவரை அந்த ஓசை எங்களை எட்டியதில்லை. இரவில் காற்றே இல்லாத மாடியில், ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு, அர்த்தஜாம மணிக்காகக் காத்திருப்போம். அது கேட்ட பிறகே உறங்குவோம்.

இனி, என் குறையைச் சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு ஓர் அம்மையார் பூக் கொடுத்து வந்தார். என் தாயார் இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. நாள்தோறும் காலை ஆறு மணிக்கு வாசல் கம்பியில் மல்லிகைச் சரம் தொங்கும். மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்போம். மார்ச் 24ஆம் தேதி காலை, அவர் வழக்கம்போல் வந்து குரல் கொடுத்தார். நான் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே, “பூ வேண்டாம். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. ஊரெல்லாம் சுத்திட்டு வர்றீங்க, வீட்ல வயசானவங்க இருக்கோம்” என்றேன். சில விநாடிகள் ஓசையில்லை. பிறகு, “சரிங்கய்யா, உடம்பைப் பாத்துக்கங்க” என்ற குரலும், செருப்பு நடந்து செல்லும் ஓசையும் கேட்டன. அந்த மாதத்துப் பணத்தை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. பூ, நாளொன்றுக்கு 20 ரூபாய், 23 நாள், 460 ரூபாய், பாக்கி. பணியில் இருந்த காலத்தில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக இரவு பத்து மணி வரை பேரேடுகளோடு அமர்ந்திருக்கிறேன். இந்த 460 ரூபாயோ, கொடுக்க வழியின்றி என் முன் நின்றது. அவர் எங்கே குடியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்கும் தெரியவில்லை. இருபது ஆண்டுகளில் அவருடைய பெயரைக் கூட நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் பூக்காரம்மா, அவ்வளவுதான்.

திருவிழா நடைபெறாது என்ற அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 25ஆம் தேதி ஏற வேண்டிய கொடி ஏறவில்லை. மறுநாள் முதல் நான்கு நாள்கள் மதுரையில் முழு ஊரடங்கு. திருக்கல்யாணம் மட்டும், மே 4ஆம் தேதி காலை 9.05 மணிக்கு மேல் 9.29 மணிக்குள், பக்தர்கள் இன்றி, நான்கு சிவாச்சாரியார்களைக் கொண்டு கோயிலுக்குள்ளேயே நடைபெறும் என்றும், இணையத்தில் நேரலையாகக் காணலாம் என்றும் தெரிவித்தார்கள். அம்மைக்குத் திருமாங்கல்யம் பூட்டும் வேளையில் சுமங்கலிப் பெண்கள் புதிய தாலிச்சரடு மாற்றிக்கொள்வது இவ்வூர் வழக்கம். “சரடு இருக்கு. பூதான் இல்லை” என்றாள் என் மனைவி. யாரையும் குற்றம் சாட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது தைத்தது.

பால்காரரிடம் விசாரித்தேன். ஆரப்பாளையத்தில் பிட்டுத்தோப்புக்கு அருகே ஒரு சந்தில் அந்த அம்மையாரைப் பார்த்ததுண்டு என்றார். மே 4ஆம் தேதி விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சட்டைப் பையில் பணத்தையும் கையில் காய்கறிப் பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அன்றுதான் அக்னி நட்சத்திரமும் தொடக்கம்.

முதலில் கீழமாசி வீதித் தேரடிக்குச் சென்றேன். மறுநாள் ஆயிரமாயிரம் கைகள் வடம் பிடித்து இழுக்க வேண்டிய தேர், அலங்காரமின்றி நிலையில் நின்றது. அதன் அருகே ஒரு நாய் படுத்திருந்தது. கைகூப்பிவிட்டு, தேர் செல்லும் வழியிலேயே தெற்குமாசி வீதியில் நடந்தேன். தேர் நாளில் தோளோடு தோள் உரசி, கால் தரையில் படாமலே நகர்ந்த வீதி அது. அன்று என் செருப்போசை எனக்கே கேட்டது. கட்டடங்களின் இடைவெளியில் தெற்குக் கோபுரம் தெரிந்தது. அதன் உச்சியில் முதல் வெயில் விழுந்திருந்தது. கோபுரம் முழுவதும் கிளிகளும் புறாக்களும். திருமணத்துக்கு வந்த விருந்தினர் அவை மட்டுமே.

மேலமாசி வீதி முனையில் காவலர் ஒருவர் மறித்தார். “எங்க சார், இந்த வயசுல வெளிய?” என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. “பூக்கார அம்மாவுக்குப் பணம் பாக்கி. குடுக்கப் போறேன்” என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். “வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருங்க” என்று வழிவிட்டார். இரவு முழுவதும் நின்ற களைப்பு அவர் கண்களில் இருந்தது.

சந்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஏழு மணி ஆகிவிட்டது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் அந்த அம்மையார் அமர்ந்திருந்தார். முகக்கவசத்தை மீறி என்னை அடையாளம் கண்டு எழுந்தார். “அய்யா, நீங்களா? வீட்ல அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?” இதுதான் அவருடைய முதல் கேள்வி. எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. 460 ரூபாயைத் திண்ணை விளிம்பில் வைத்துவிட்டு நான்கடி பின்வாங்கி நின்றேன். அவர் எண்ணிப் பார்த்தார். ஓர் இருபது ரூபாய்த் தாளைத் திண்ணையிலேயே திருப்பி வைத்தார்.

“இருபத்திரண்டு நாள்தாங்கய்யா. கைதட்டச் சொன்ன ஞாயித்துக்கிழமை நான் வரலை.”

வங்கியதிகாரியின் கணக்கைப் பூக்கார அம்மையார் திருத்தினார். நாற்பது நாள்களாக அவருக்கு வியாபாரம் இல்லை. மருமகன் ஆட்டோ ஓட்டுபவர், அதுவும் நின்றிருந்தது. அரசு தந்த ஆயிரம் ரூபாயிலும் அரிசியிலும் ஐந்து பேர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டு சென்றிருந்த இரண்டாயிரம் ரூபாயை எடுத்து வைத்தேன். “இது வேண்டாங்கய்யா. பூக் குடுக்காம பணம் வாங்கினா அந்த ஆத்தா கேப்பா” என்றார். அன்று அவரிடம் எப்படியோ பேசி, அதை முன்பணமாக ஏற்கச் செய்தேன். “அப்ப முன்பணம்னே எழுதிக்கங்க. கழிச்சுருவேன்” என்ற பிறகே தொட்டார். அன்று வரை கேளாத அவர் பெயரைக் கேட்டு, கணக்குப் புத்தகத்தில் எழுதினேன். கதவுக்கு உள்ளிருந்து பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “எல்லாருக்கும் பயந்தாங்கய்யா” என்று அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

புறப்படும்போது உள்ளே சென்று வந்தார். உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் அவர் வளர்க்கும் மல்லிகைச் செடி அன்று பூத்திருந்ததாம். மீனாட்சியின் படத்துக்கென்று முழம் போல் கட்டியிருந்த சரத்தைச் சரிபாதியாக அறுத்து, வாழையிலைத் துண்டில் சுற்றித் திண்ணையில் வைத்தார். “கல்யாணத்தன்னிக்கு அம்மா வெறுந்தலையோட இருக்கக் கூடாது. இதுக்குக் காசு இல்ல.”

வீடு சேரும்போது எட்டரை மணி. குளித்துவிட்டு, மடிக்கணினியைப் பூஜை அறையின் முன் வைத்து அமர்ந்தோம். வடக்கும் மேற்கும் கூடும் ஆடி வீதி மண்டபத்தில் பல்லாயிரவர் முன்னிலையில் காண வேண்டிய திருமணம், ஒரு சிறு திரைக்குள் நடந்தது. கூட்டத்தின் ஆரவாரம் இல்லாததால் மந்திரங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டன. திருமாங்கல்யம் பூட்டிய வேளையில், பாதி முழப் பூவைச் சூடியிருந்த என் மனைவி, கண்ணை மூடிச் சரடு மாற்றிக்கொண்டாள். எதிர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் குலவை ஓசை எழுந்தது. நாற்பது நாள்களுக்குப் பிறகு எங்கள் சந்தில் கதவுகள் திறந்தன. அவரவர் வாசலில் நின்றபடி ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பினோம்.

அந்த ஆண்டு அழகர் வைகையில் இறங்கவில்லை. மே 7ஆம் தேதி ஆற்று மணல் வெறுமையாகக் காய்ந்தது.

பிட்டுத்தோப்பு என்ற பெயரைக் கேட்டதும் அன்பர்களுக்கு வந்தியின் திருவிளையாடல் நினைவு வந்திருக்கும். வைகை பெருக்கெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத கிழவி வந்திக்காக இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார். மன்னன் பிரம்பால் அடித்தபோது, அந்த அடி அங்கிருந்த எல்லார் முதுகிலும் பட்டது. சிறு வயது முதல் கேட்ட கதை. ஒருவர் மேல் விழும் அடி எப்படி எல்லார் மேலும் விழும் என்பது அந்தக் கோடையில்தான் எனக்கு விளங்கியது. பிட்டு விற்ற கிழவியின் குடிசைக்கு இறைவன் நடந்து சென்ற ஊரில், பூ விற்ற அம்மையாரின் வீட்டுக்குச் செல்ல எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

செப்டம்பர் 1ஆம் தேதி திருக்கோயில் பக்தர்களுக்குத் திறக்கப்பட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசல் கம்பியில் மல்லிகைச் சரம் தொங்கியது. நூறு நாள் பூவுக்குப் பின், “முன்பணம் தீந்துபோச்சுங்கய்யா” என்று அவரே வந்து சொன்னார். என் புத்தகத்திலும் அன்றுதான் தீர்ந்திருந்தது.

2022ஆம் ஆண்டு முதல் சித்திரைத் திருவிழா மீண்டும் மக்கள் வெள்ளத்தில் நடைபெறுகிறது. மதுரைக்கு வரும் அன்பர்கள் அம்மன் சந்நிதியில் பூ வாங்காமல் உள்ளே செல்வதில்லை. வாங்கும்போது, தொடுத்த கைகளுக்கு உரியவரின் பெயரையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அம்மையின் சந்நிதியில் உங்கள் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யும்போது, அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கயற்கண்ணி அனைவரையும் காப்பாளாக.