காரும் கணக்கேடும்

மெல்பர்ன்

ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, சொந்தத் தொழில் செய்பவர்கள் கூடும் இடத்தில் காருக்கு எவ்வளவு வரிக் கழிவு வாங்கலாம் என்ற பேச்சுதான். மேசை இழுப்பறையைக் குடைந்து பெட்ரோல் பில்லை எல்லாம் எடுத்து அடுக்குவார்கள். பில் தேவைதான், ஆனால் கழிவு எவ்வளவு என்பதை முடிவு செய்வது, வண்டி ஓடிய தூரத்தை எழுதிவைத்த நோட்டு என்பதே என் கட்சி. சட்டம் இரண்டு வழி தருகிறது. முதல் வழியில் கிலோமீட்டருக்கு இத்தனை என்று கணக்கு: 2024-25-க்கு 88 சென்ட், ஒரு காருக்கு 5,000 கிலோமீட்டர் வரை. எவ்வளவு ஓட்டினாலும் 4,400 டாலருக்கு மேல் கிடையாது. இரண்டாவது லாக் புக். தொடர்ந்து 12 வாரம் தொழிலுக்காகப் போன ஒவ்வொரு பயணத்தையும் தேதி, காரணம், ஓடோமீட்டர் எண்ணோடு எழுத வேண்டும். அதில் தெரியும் விகிதம், தொழிலின் போக்கு பெரிதாக மாறாதவரை ஐந்தாண்டு செல்லும். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, அதில் 24,000 தொழிலுக்கு என்று வையுங்கள். விகிதம் 80 சதவீதம். பெட்ரோல், இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், சர்வீஸ், தேய்மானம் எல்லாமாக 14,000 டாலர் ஆனால் கழிவு 11,200. முதல் வழியைவிட 6,800 அதிகம். 30 சதவீத வரிப் படியில் இருப்பவர் கையில் 2,040 டாலர் நிற்கும்.

ஓடி ஓடி உழைப்பவனுக்கு எழுத ஏது நேரம் என்பார்கள். ஐந்தாண்டுக்கு 12 வாரம், பயணத்துக்கு அரை நிமிடம், கூலி மோசமில்லை. குத்துமதிப்பாகப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்பவர்களும் உண்டு. வரித்துறை கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கழிவு கேட்டவருடையது. நோட்டு இல்லாதவரிடம் சொல்ல ஒன்றும் இராது. வீட்டிலிருந்து வழக்கமான வேலையிடத்துக்குப் போய்வருவதையும் சிலர் தொழில் பயணமாக எழுதிவிடுகிறார்கள். பூட்டிவைக்க இடமில்லாத கனத்த கருவிகளைச் சுமப்பது போன்ற சில நிலைகள் தவிர, அது சொந்தப் பயணமே. கழிவு கிடைக்கிறதே என்று ஜூனில் புதுக் கார் எடுப்பதோ இன்னும் வேடிக்கை: ஒரு டாலர் செலவழித்து 30 சென்ட் வரியை மிச்சம் பிடிப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

ஜூன் வந்துவிட்டதே என்று லாக் புக்கைத் தள்ளிப்போட வேண்டாம்; அந்த 12 வாரம் இரண்டு நிதியாண்டுகளில் பரவியும் இருக்கலாம். இங்கே தொழில் தொடங்க வரும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்: வண்டி வாங்கிய அன்றே ஓடோமீட்டர் எண்ணை எழுதிவைக்கட்டும்.