சனிவார்வாடாவின் குரல்

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் பாட்டிமார் மொழி. ஆயின் புனே நகரத்தார் அஞ்சுவது இருளை அன்று, நிலவை. பௌர்ணமி இரவுகளில் சனிவார்வாடா அரண்மனையின் மதிலுக்குள்ளிருந்து, “காகா, மலா வாச்வா” என்று ஓர் இளங்குரல் அலறும் என்பது இங்கு வழிவழியாக வரும் நம்பிக்கை. “சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்” என்பது அதன் பொருள்.

மத்திய அரசுப் பணியின் பொருட்டு இந்நகரம் வந்த நாம், ஞாயிறுதோறும் குடும்பத்தோடு காற்று வாங்கச் செல்லும் இடங்கள் சில உண்டு. அவற்றுள் வேதாள் டேக்டி ஒன்று. பேய்களுக்குத் தலைவன் என மராட்டியர் கருதும் வேதாளத்திற்கு அக்குன்றின் உச்சியில் கோயில் இருக்கிறது. சுடலைமாடனை அறிந்த நமக்கு அது புதுமையன்று. சனிவார்வாடாவின் கதைதான் நம் உள்ளத்தை உறுத்தியது. “விளக்கு வைக்கும் முன் பிள்ளைகளை அழைத்து வந்துவிடுங்கள்” என்று அண்டை வீட்டு ஆஜி சொல்லாத வாரமில்லை.

கதைக்கு அடியில் வரலாறு உண்டு. முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டிய மாளிகை இது. 1773 ஆகஸ்ட் 30 அன்று, பதினெட்டே வயதான பேஷ்வா நாராயணராவை, கார்டி எனப்பட்ட கூலிக் காவலர் வாளோடு துரத்தினர். அவர் ஓடிச் சென்று சித்தப்பா இரகுநாதராவைப் பற்றிக்கொண்டார்; அங்கேயே வெட்டுண்டார். ‘பிடி’ என்னும் பொருள்பட எழுதிய ஆணையில் ‘த’வை ‘ம’வாக்கி, ‘கொல்’ என மாற்றியவர் சித்தி ஆனந்திபாய் என்பது செவிவழிச் செய்தி. கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்போன்றோர்க்கு ஓரெழுத்தின் வலிமை சொல்லாமலே விளங்கும். நீதிபதி இராம் சாஸ்திரி அஞ்சாது விசாரித்து இரகுநாதராவைக் குற்றவாளி என்றார். 1828இல் மூண்ட தீ மாளிகையை விழுங்கியது. மதிலும், யானை மோதாதபடி ஆணி அறைந்த தில்லி வாயிலும், கல் அடித்தளங்களும் எஞ்சின. இன்று அவற்றிடையே புல்வெளியில் குழந்தைகள் ஓடியாடுகின்றனர்.

கொலை நிகழ்ந்தது விநாயகர் விழா நாட்களில். சதுர்த்தி கழிந்து நிலவு வளரும் காலம் அது. பௌர்ணமி நம்பிக்கையின் வேர் இதுவாகலாம் என நமக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் வஞ்சனையால் மாண்டோரைத் தெய்வமாக்கிப் பொங்கலிடுவர். மதுரை வீரனும் முத்துப்பட்டனும் அவ்வாறு தெய்வமானவர்களே. நாராயணராவோ வெறுங்குரலாகவே நின்றுவிட்டார்.

ஒரு மார்கழிப் பௌர்ணமியன்று அம்மதிலோரமாய் நடந்து வந்துகொண்டிருந்தோம். வாயில் அடைத்தாகிவிட்டது. திடீரென, “காகா!” என்று மெல்லிய குரல் ஒன்று எழுந்தது. நம் மகள் கையை இறுகப் பற்றினாள். உள்ளபடியே நமக்கும் மயிர்க்கூச்செறிந்தது. திரும்பிப் பார்த்தால், ஐந்தாறு வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணீரோடு நின்றான். கூட்டத்தில் பெற்றோரைப் பிரிந்தவன் நம்மைத்தான் அழைத்திருக்கிறான். தேநீர்க்கடை வெளிச்சத்தில் அவனை நிறுத்திக் காத்திருந்தோம். கால்மணி நேரத்தில் தந்தை மூச்சிரைக்க ஓடிவந்து அள்ளிக்கொண்டார்.

“அப்பா, பேய்க்குரல் மெய்யா?” என்று வழியில் மகள் வினவினாள். “செத்தவர் குரல் நமக்குக் கேட்டதில்லை, அம்மா. ஆனால் அன்று அந்தப் பிள்ளை கூப்பிட்டது மெய், கூப்பிட்டவரிடம் காவல் கிடைக்காததும் மெய்” என்றோம்.

மராட்டிய நாட்டில் வயதில் மூத்த ஆடவர் எவரும் சிறுவர்க்குக் ‘காகா’தான். மொழியும் ஊரும் வேறான நம்மையும் தெருப்பிள்ளைகள் அப்படியே அழைக்கின்றனர். முன்பெல்லாம் அதனை வெறும் மரியாதைச் சொல்லாகக் கேட்டிருந்தோம். இப்பொழுது அச்சொல் காதில் விழுந்தால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறோம்.