சப்பாத்தின் அடியைக் காட்டு

கிள்ளானில் மாலை மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்துவிட்டால் பள்ளித் திடல் எங்களுக்கு இல்லை. மின்னல் வெட்டும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அந்த நாள்களில் வகுப்பறைகளுக்கு முன்னால் இருக்கும் நடைகூடம்தான் என் பயிற்சிக்களம். தரையில் ஓடுகள் சேரும் கோடு ஒன்று அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நேராக வரும். வேகநடை சொல்லிக்கொடுக்க அந்தக் கோட்டைவிட நல்ல கருவி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

வேகநடைக்கு முக்கியமான சட்டம் இரண்டு. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவது நடுவரின் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. முன்வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன்மேல் நிமிர்ந்து வரும்வரை முழங்கால் மடங்கக்கூடாது. பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவது இந்த இரண்டாவதுதான். நாம் சும்மா நடக்கும்போது முழங்கால் சற்று மடங்கித்தான் உடம்பின் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் வேலை இடுப்புக்குப் போகிறது. அடிக்கு அடி இடுப்பெலும்பு முன்னும் பின்னும் திரும்பும். காற்றில் இருக்கும் காலின் பக்கம் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் காலடி நீள்கிறது, தலை மேலும் கீழும் குதிக்காமல் போகிறது, பாதங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுகின்றன. பார்ப்பவர்களுக்கு அது குலுக்கு நடை.

ஐந்தாம் ஆண்டில் ஒரு பிள்ளை, நல்ல நெஞ்சுரம் உள்ளவள், மூன்றாம் நாளே என்னிடம் வந்து நின்றாள். "நான் செய்யல டீச்சர். பையனுங்க சிரிக்கிறாங்க." அவளுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. திடலுக்கு அழைத்துப்போய் நூறு மீட்டர் அளந்து, கடிகாரத்தைக் கையில் எடுத்து, சிரித்த பையன்களையும் சேர்த்து நிறுத்தினேன். முப்பது விநாடிக்குள் நடந்து முடிக்கவேண்டும், ஓடக்கூடாது. பாதித் தூரத்திலேயே எல்லாருக்கும் முழங்கால் மடங்கி, நடை ஓட்டமாகிவிட்டது. அப்புறம்தான் சரவணனைப் பற்றிச் சொன்னேன். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையை ஜி. சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 விநாடியில் முடித்தார். தடகளத்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் தங்கம் அது. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம், நூறு மீட்டருக்கு முப்பது விநாடி. "இப்ப நீங்க நடந்தீங்களே, அதே மாதிரி ஐந்நூறு தடவை, முழங்கால் மடங்காம" என்றேன். மறுநாள் அவள் வந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கற்றுக்கொடுத்த விதத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. "முழங்காலை மடக்காதே, மடக்காதே" என்று கத்திக்கொண்டே இருப்பேன். அதை அப்படியே நம்பிய ஒரு பையன் காலை விறைத்து உடம்புக்கு வெகு முன்னால் தூக்கிப் போடப் பழகிவிட்டான். உடம்புக்கு முன்னால் தள்ளி விழும் கால் ஒவ்வொரு தடவையும் பிரேக் போடும். வேகம் குறையும், கீழ்க்காலின் முன்பக்கத் தசை எரியும், கடைசியில் சோர்ந்து முழங்கால் விட்டுக்கொடுக்கும். ஒரு போட்டியில் அவனுக்கு முழங்கால் குறி போட்ட மஞ்சள் அட்டை காட்டினார்கள். பிறகு மூன்று நடுவர்களின் சிவப்பு அட்டையும் சேர்ந்து அவனை வெளியேற்றியது. "நான் மடக்கவே இல்லையே டீச்சர்" என்று அழுதான். பொய் சொல்லவில்லை. முழங்காலையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு முழங்கால் என்ன செய்கிறது என்பது தெரியவில்லை.

ஒரு மழைநாளில்தான் வழி பிறந்தது. நடைகூடத்தின் முனையில் குட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னைப் பார்த்து நடந்து வா, ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்தின் அடியை எனக்குக் காட்டு" என்றேன். அடியைக் காட்ட வேண்டுமென்றால் கால்விரல் மேலே எழும்ப வேண்டும். விரல் எழும்பிக் குதிகால் முதலில் படும்போது முழங்கால் தானாக நீள்கிறது. யாரும் முழங்காலைப் பற்றி நினைக்கவே இல்லை! உடல் உறுப்பின்மேல் கவனத்தை வைப்பதைவிட, அசைவு வெளியே உண்டாக்கும் விளைவின்மேல் வைத்தால் உடம்பு நன்றாகக் கற்றுக்கொள்கிறது என்று ஆய்வாளர் காப்ரியேலே வுல்ஃப் 1990களின் இறுதியிலிருந்து சோதனை சோதனையாகக் காட்டி வந்திருக்கிறார். அதை நான் பிற்பாடுதான் படித்தேன். படித்தபோது அந்தக் குட்டி நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் "அடியைக் காட்டு" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பினால் பழைய கேடு திரும்பிவிடும். அடியைக் காட்டும் ஆசையில் காலை முன்னால் வீசுவார்கள். ஆகவே உடனே அடுத்த சொல்: "தரையைப் பின்னால தள்ளு." கைக்கு வேறொன்று: "பின்னாடி கதவு இருக்கு, முழங்கையால இடி." கை பின்னால் போனால் இடுப்பு தானாகத் திரும்பும், இடுப்பைப் பற்றி நான் பேசுவதே கிடையாது, அதுவும் பத்து பதினோரு வயதுப் பெண்பிள்ளைகளிடம். கீழ்க்கால் தசை எரிச்சலுக்குத் தினமும் இருபது அடி குதிகாலால் மட்டும் நடக்க வைக்கிறேன். கைப்பேசியில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும் படமும் உதவும், ஆனால் போட்டியில் நடுவருக்கு வெறும் கண்தான். என் கண்ணும் அதற்குப் பழக வேண்டும். பக்கவாட்டில் நின்று பத்து அடி முழங்காலை மட்டும் பார்ப்பேன், அடுத்த பத்து அடி பாதத்தை மட்டும்.

அந்த ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் கறுப்புச் சப்பாத்தின் குதியில் ஒருநாள் வெண்கட்டியைத் தேய்த்துவிட்டேன். முதல் நடையில் ஓட்டுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு வரிசையாக வெள்ளைத் தடம் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி நடக்கச் சொன்னேன். நான்காவது நடையில் தடங்கள் கோட்டின்மேலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். சாரல் அடித்து முதல் சில தடங்கள் கரைய ஆரம்பித்திருந்தன.

"இது என் கால்தானா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, வெண்கட்டிக்குக் கையை நீட்டினாள்.