வெள்ளரிக் கொடி சொன்ன பாடம்

ஊருக்கெல்லாம் யோசனை சொல்பவன் நான். தை மாதம் எங்கள் கொல்லையில் 6 குழி வெள்ளரி ஊன்றினோம். 45 நாளில் காய்ப்பு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கூடை. பச்சடி, கூட்டு, மோர்க்குழம்பு என அலுத்துப்போய், பறிக்காமல் விட்டேன். பத்தே நாளில் காய்கள் மஞ்சளாக முற்றின, புதுப்பிஞ்சு நின்றுவிட்டது.

“ஏங்க, விதை முத்திட்டா கொடி அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கும். ஊருக்குச் சொல்ற உங்களுக்குத் தெரியாதா?” என்றார் மனைவி. தெரியும்; செய்யவில்லை.

விதைக்கு ஒரு கொடியில் மட்டும் 2 காய்களை விட்டு, மற்றதைப் பறித்தோம். முற்றியவை தோலும் விதையும் நீக்கி சாம்பாருக்குப் போயின. கொடிகளில் மீண்டும் பிஞ்சு பிடித்தது. இப்போது மிஞ்சுவது பக்கத்து வீடுகளுக்கு. உங்களுக்குத் தேவையில்லை என்றாலும், வெள்ளரியைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள்.